கிழிக்காமல் வைத்த கார்டு

மட்டாஞ்சேரியில் பழைய போஸ்ட்கார்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அரிசி டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். காயலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், காற்றே ஈரம்தான். பீரோவில் வைத்தால் ஒரு மழைக்காலத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புழுங்கலரிசி ஆகாது, அதன் வாசனை காகிதத்தில் ஏறும். பச்சரிசிதான் நல்லது.

சப் இன்ஸ்பெக்டர் மாளவிகா மேடம், முதலிலிருந்து எழுதுங்கள், எதையும் விட வேண்டாம் என்று சொன்னீர்கள். சொன்னதற்கு இப்போது வருத்தப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று என் பேத்தி சொல்வாள். உங்கள் வீட்டிலும் பாலக்காட்டுத் தமிழ் என்று தெரிந்ததால் தமிழிலேயே டைப் செய்கிறேன். ஒரு விரல்தான் ஓடும். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் வெங்கிடாசலம் போன பிறகுதான் கார்டு சேர்க்க ஆரம்பித்தேன். யூதத் தெருவில் நல்லசிவம் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார். இடித்த வீட்டுக் கதவு, தூண், பித்தளை விளக்கு, எல்லாம் விற்பார். பழைய மேஜையை வாங்கினால் அதன் இழுப்பறையில் கிடப்பதும் சேர்ந்தே வரும். படம் போட்ட கார்டுகளை வெளிநாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள், சீன வலை, பாய்மரம், அந்த மாதிரி. எழுதின கார்டு அவருக்குக் குப்பை. அந்தக் குப்பைதான் எனக்கு வேண்டியது. என்னிடம் ஒரு கார்டு இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து ஓர் அப்பா கொச்சியில் இருக்கும் பிள்ளைக்கு எழுதியது. ‘நீ பணம் அனுப்ப வேண்டாம், நீயும் வர வேண்டாம், போன தடவை எடுத்துப்போன குடையை மட்டும் அனுப்பவும்.’ அவ்வளவுதான். அந்த வீட்டையே பார்த்த மாதிரி இருக்கும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணக் கார்டு நிறைய வைத்திருக்கிறேன். குழந்தை பிறந்தது, பரீட்சையில் தேறியது, நிலத் தகராறு, அப்பளம் வந்து சேர்ந்தது, எல்லாம் உண்டு.

தேவராவில் இருக்கும் கோவிந்த் இதைக் கேள்விப்பட்டு வந்தார். கண்காட்சிகள் நடத்துகிறவர், நல்ல மனுஷன், வீட்டுக்குள் வரும்போது செருப்பை வாசலில் விடுவார். பழைய சுக்குக் கிடங்கு ஒன்றை மார்கழிக்கு வாடகைக்கு எடுத்திருந்தார். வரிசையாக மேஜை போட்டு, பிறப்பில் ஆரம்பித்து ஒரு மனுஷ ஆயுளை முழுக்கக் கார்டுகளாலேயே காட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். என் டப்பாக்களை எல்லாம் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“ஜனனம் இருக்கு, கல்யாணம் இருக்கு, கோர்ட் கேஸ்கூட இருக்கு. சாவு எங்கே மாமி? கடைசி மேஜை காலியாக் கிடக்குமே. கொச்சியில யாருமே செத்ததில்லைன்னு வரவா நினைச்சுப்பா.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருஷம் சேர்த்ததில் ஒரு சாவுக் கார்டு இல்லை என்பது அதுவரை எனக்கே உறைக்கவில்லை. மறுநாள் நல்லசிவத்திடம் போனேன்.

“சாவுக் கார்டா? அத யாரு மாமி வீட்டுக்குள்ள ஏத்துவா? வாசல்ல நின்னு படிக்கணும், அங்கனயே கிழிச்சுப் போடணும், தலையில தண்ணி ஊத்திட்டுதான் உள்ள கேறணும். எங்க வீட்டுலயும் அதுதான், உங்க வீட்டுலயும் அதுதான். பொறவு இழுப்பறையில எப்படி இருக்கும்?”

“ஒண்ணுகூடவா தப்பிச்சிருக்காது?”

“வேணும்னா நானே ஒண்ணு எழுதித் தாரேன். செத்தது நல்லசிவம்னு போட்டுருவோம்.”

“நீ செத்தா கார்டு எதுக்குடா? கடைத்தெருவுல சத்தம் குறைஞ்சாலே தெரிஞ்சுடும்.”

ஆனால் அவர் பாதி நிஜமாகத்தான் சொன்னார். பழைய கார்டு ஒன்றை எடுத்து, மூலையில் கறுப்பு மை தடவி, நாலு வரி எழுதினால் யாருக்கும் தெரியாதாம். நான் வேண்டாம் என்றுவிட்டேன். போலியை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இனி வைத்தீஸ்வரன். எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர். தெருவில் எல்லோருக்கும் ‘மாடி மாமா’, பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு வைத்தி அண்ணா. தேயிலை ஏலக் கம்பெனியில் டீ ருசி பார்க்கிற வேலையில் இருந்தவர். நான் காப்பி கொடுத்தால் இன்றைக்கும் வாயில் வைத்துக் கொப்பளித்துவிட்டுத்தான் விழுங்குவார். முழங்கால் போய்விட்டது, மாடியை விட்டு இறங்கமாட்டார். ஜன்னலிலிருந்து கயிறு கட்டி ஒரு கூடை விடுவார். கறிகாய், பால், மருந்து எல்லாம் நான் கூடையில் வைத்தால் மேலே போகும். தபாலும் அப்படித்தான். தபால்காரப் பெண் ஜிஷா மாடி ஏறமாட்டாள். அவருக்கு வந்ததை என்னிடம் தருவாள், நான் கூடையில் வைப்பேன். அவர் எழுதினது கூடையில் இறங்கும், நான் பெட்டியில் போடுவேன். வருஷக்கணக்காக இது ஒழுங்காக நடந்தது.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு தங்கை. பெயர் சீதாலக்ஷ்மி. பாலக்காட்டில் தனியாக இருந்தாள். விதவை, குழந்தை இல்லை, காது சுத்தமாகக் கேட்காது. அதனால் இந்தக் காலத்திலும் இருவருக்கும் கார்டுதான். வைத்தி அண்ணா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “அவளுக்குக் கேக்காது. நேக்கு வேற யார் கூப்பிடப் போறா?” என்பார்.

சீதாலக்ஷ்மி கார்டை மொத்தமாக வாங்கி, எல்லாவற்றிலும் ஒரே மூச்சில் அண்ணா விலாசத்தை இங்கிலீஷில் எழுதி வைத்துக்கொள்வாள். பிறகு வாரம் ஒன்றாக எடுத்துப் பின்பக்கம் எழுதிப் போடுவாள். கொச்சிக்கு அவள் எழுதும் ‘கே’ விசித்திரமாக இருக்கும், ஒரு ஆள் குடை பிடித்த மாதிரி. “இங்கே எப்பவும் மழைன்னு தெரிஞ்சுண்டுதான் குடையோட எழுதறா,” என்று அண்ணா ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான் சிரிப்பேன்.

அவள் கார்டு ஒன்றை முதல்முதலாக நான் கொடுக்காமல் வைத்துக்கொண்டதற்குக் காரணம் முத்திரை. தபால் முத்திரை இப்போதெல்லாம் கரி பூசின மாதிரி விழுகிறது, இது மட்டும் அச்சாக விழுந்திருந்தது. ஒரு நாள் பார்த்துவிட்டுத் தரலாம் என்று டப்பாவில் போட்டேன், மறந்துவிட்டேன். பலாப்பழம் விலை ஏறிவிட்டது என்று எழுதியிருந்தாள். அது தெரியாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு இன்னும் இரண்டு வைத்துக்கொண்டேன்.

ஓணம் கழிந்து வந்த கார்டுதான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கார்டு. அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம். ‘அண்ணாவுக்கு நமஸ்காரம். குளியலறையில் விழுந்துவிட்டேன். இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால் நடக்கலாம் என்கிறார்கள். நீ சரி என்று எழுதாமல் நான் கத்தி வைத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வரி போதும்.’

அவள் அப்படித்தான். அப்பா போனதிலிருந்து அண்ணா சரி என்று சொல்லாமல் ஒரு காரியம் செய்ததில்லை. கல்யாணத்துக்கும் அவர் சரி சொல்ல வேண்டும், கறவை மாட்டை விற்கவும் அவர் சரி சொல்ல வேண்டும். இதைப் பெருமையாக அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் அந்தக் கார்டைக் கூடையில் வைக்கத்தான் போனேன். கூடையும் கீழேதான் இருந்தது. அப்போது என் மாமியார் நினைவு வந்தது. அவருக்கும் இடுப்பு எலும்புதான். ஆபரேஷன் வேண்டாம் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். படுக்கைப்புண், பிறகு சளி, ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. அப்போது என் மாமியாருக்கு இருந்ததைவிட சீதாலக்ஷ்மிக்கு வயது அதிகம். மார்கழிக்கு இன்னும் நாள் இருந்தது. கூடையில் முருங்கைக்காயை வைத்து அனுப்பினேன்.

நான் எதுவும் செய்யவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பாலக்காட்டுப் பக்கமே நான் போகவில்லை. அவளுக்கு ஒரு கெட்ட வார்த்தைகூட எழுதவில்லை.

பிறகும் அவள் கார்டு வந்தது. ‘அண்ணா, கோபமா?’ என்று ஒன்று. ‘அங்கம்மாள் வந்து பார்த்துக்கொள்கிறாள், நல்லவள், நீ சரி என்று எழுது’ என்று ஒன்று. அங்கம்மாள் அவளுக்கு வீட்டு வேலை செய்தவள். எழுத்து கார்டுக்குக் கார்டு சாய்ந்துகொண்டே வந்தது, கடைசியில் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. ஒரே கை இப்படி மாறுவதை வரிசையாகப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். சேர்க்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். விலாசம் மட்டும் திடமாக இருக்கும், அது முன்பே எழுதி வைத்ததல்லவா.

வைத்தி அண்ணா தினமும் ஜன்னலில் நிற்பார்.

“சீதா எழுதலையே, தர்மு.”

“எழுதுவா அண்ணா.”

“அவளுக்கு என்னவோ ஆயிடுத்துன்னு தோணறது. கேசவை வரச்சொல்லி ஒரு டாக்ஸி பிடிச்சு, ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரட்டா?”

கேசவ் அவர் மச்சினர் பிள்ளை, எர்ணாகுளத்தில் இருக்கிறார். கூப்பிட்டால் வந்துவிடக்கூடியவர். அதனால் நான் சொன்னேன், கார்டு வந்தது, அவசரத்தில் எங்கேயோ வைத்துவிட்டேன், காசிக்குக் கூட்டமாகப் போகிறாளாம், கொஞ்ச நாள் எழுத முடியாதாம் என்று.

“காசிக்கா? காது கேக்காம எப்படிப் போனா?”

“கேக்காட்டா என்ன? கங்கை என்ன பேசவா போறது?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகட்டும், அவளுக்கு அந்த ஆசை சின்ன வயசிலேயே உண்டு என்றார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அந்த நிம்மதி நான் கொடுத்தது.

சாயங்காலம் கூடையில் ஒரு கார்டு இறங்கியது. திரும்பி வந்ததும் அவள் கண்ணில் படட்டும் என்று எழுதியிருந்தார். ‘நீ எது செய்தாலும் எனக்குச் சரி. சொல்லாமல் போனதில் கோபம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.’ அதை நான் தபாலில் போடவில்லை. இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. முத்திரை விழாத கார்டுக்குச் சேர்க்கிறவர்களிடம் மதிப்பில்லை, ஆகையால் அதை ஆசைப்பட்டு எடுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கார்த்திகை விளக்கு வைத்த வாரம் ஜிஷா வந்தாள். மற்ற தபாலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றை மட்டும் விரல் நுனியில் தொங்கவிட்டிருந்தாள்.

“மாமி, இது சாவுக் கார்டாணு. மாடி மாமாவுக்கு. நான் தொட்டாச்சு, இனி போய்க் குளிக்கணும்.”

“குடு. நான் பார்த்துக்கறேன்.”

“பதுக்கெப் பறையணும் கேட்டோ, மெதுவாச் சொல்லணும். பாவம், வேற யாரும் இல்லியே.”

அங்கம்மாள் எழுதியிருந்தாள். சீதாலக்ஷ்மி விலாசம் எழுதி வைத்திருந்த கார்டுகளில் மிச்சம் ஒன்றை எடுத்து, பின்பக்கம் எழுதி, நாலு மூலையிலும் கண்மை தடவியிருந்தாள். ஒரு மூலையில் அவள் பெருவிரல் ரேகைகூடப் பதிந்திருந்தது. முன்பக்கம் செத்தவளின் கை, பின்பக்கம் அவள் செத்த செய்தி. நான் பார்த்த வரையில் இப்படி ஒரு கார்டு யாரிடமும் கிடையாது. பிறந்ததிலிருந்து ஒரு சாவுக் கார்டு நான் வாசற்படி தாண்டிக் கொண்டுவந்ததில்லை. அன்றைக்குக் கொண்டுவந்தேன். பச்சரிசி டப்பாவில் வைத்தேன். அந்த அரிசியை எடுத்துச் சமைக்கவில்லை, அவ்வளவு ஆசாரம் எனக்கு உண்டு.

பிறகு ஜிஷா ஒரு தடவை கேட்டாள். தாங்கிக்கொண்டுவிட்டார் என்று சொன்னேன். அவர் எதுவும் தெரியாமல் ஜன்னலில்தான் நின்றார், கூடை இறங்கும், ஏறும்.

கண்காட்சிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனது யார் என்று கேட்டீர்கள். நான்தான். தெருவிலேயே மூத்தவர், குத்துவிளக்கு ஏற்ற அவரை விட்டால் வேறு ஆளில்லை. நாற்காலியோடு இரண்டு பேர் மாடியிலிருந்து இறக்கி, ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். தங்கை போன மனுஷர் விளக்கு ஏற்றலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். காதில் விழுந்த பிறகுதான் தீட்டு, விழாதவருக்குத் தீட்டில்லை. நம் ஆட்களில் கல்யாணம் முடியும் வரை சாவுச் செய்தியைச் சொல்லாமல் வைப்பது அதனால்தானே. ஆகவே அதில் ஒரு குறையும் இல்லை.

அவர் படித்துவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. கண்ணில் புரை, சின்ன எழுத்து தெரியாது. போதாததற்குக் கார்டு கண்ணாடிக்குள் இருந்தது, செய்திப் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி. ஆனால் கோவிந்த் என்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தார். அந்தக் கார்டின் இரண்டு பக்கத்தையும் சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கி, கடைசி மேஜைக்குப் பின்னால் மாட்டியிருந்தார். விலாசத்தில் வீட்டு நம்பர் கிடையாது, பெயரும் தெருவும்தான். அந்தப் பெயர் மாடி மாமாவுடையது என்று அவருக்குத் தெரியாது. நல்லசிவம் கடையில் கிடைத்தது என்றுதான் நான் சொல்லியிருந்தேன்.

அண்ணா விளக்கு ஏற்றினார். எல்லோரும் கைதட்டினார்கள். நாற்காலியைத் திருப்பினார்கள்.

“இது சீதாவோட கே ஆக்கும்,” என்றார். குரலில் சந்தோஷம்தான் இருந்தது. “பாரு தர்மு, குடை பிடிச்சுண்டு.”

பிறகு பக்கத்தில் இருந்ததைப் படித்தார். வாய்விட்டு, எழுத்துக்கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி. ‘வைத்தீஸ்வரன் சாருக்கு அங்கம்மா எழுதுறது. மாமி செவ்வாக்கெழம காலையில தவறிட்டாங்க. அண்ணா சரின்னு எழுதட்டும்னு கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுட்டாங்க. தெருக்காரங்க சேந்து எல்லாம் செஞ்சிட்டோம். கோவிச்சுக்காதீங்க.’

அவர் என்னைத்தான் பார்த்தார்.

“நான் செரின்னு எழுதினேனே, தர்மு. கூடையில இறக்கினேனே.”

அது முத்திரை விழாத கார்டு என்று சொன்னேன்.

அவர் கோவிந்தைக் கூப்பிட்டுக் கண்ணாடியைத் திறக்கச் சொன்னார். கோவிந்த் திறந்தார். நான் தடுத்தேன், வெறுங்கையால் தொடக் கூடாது என்றேன், யாரும் காதில் வாங்கவில்லை. கார்டை எடுத்துக்கொண்டு, நடக்க முடியாத மனுஷர், மேஜை மேஜையாகப் பிடித்துக்கொண்டு கிடங்கு வாசலுக்குப் போனார். வாசற்படிக்கு வெளியே நின்று கார்டை நாலாகக் கிழித்தார். குடிப்பதற்கு வைத்திருந்த தண்ணீர் கேனைத் தூக்கித் தன் தலையில் ஊற்றச் சொன்னார். கோவிந்த் அழுதுகொண்டே ஊற்றினார். தண்ணீர் கிழிந்த துண்டுகளின் மேலும் விழுந்தது. கண்மை கரைந்துவிட்டது.

இதுதான் நடந்தது. கோவிந்த் உட்பட அத்தனை பேரும் சாட்சி. கேசவ் என்மேல் கொடுத்திருக்கும் புகாருக்காக என்னை எழுதச் சொன்னீர்கள் என்று தெரியும். அதில் இருப்பது எல்லாம் உண்மை, நான் எதையும் மறுக்கவில்லை. கார்டுகளை வைத்துக்கொண்டேன். அவள் போய்விடுவாள் என்று தெரிந்துதான் வைத்துக்கொண்டேன். கடைசி மேஜைக்கு வேண்டியிருந்தது. ஆனால் எழுதுகிறதோடு எழுதுகிறதாக, என் தரப்புப் புகாரையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளும்படிக் கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று கிடைக்காத ஒரு பொருளை வைத்தீஸ்வரன் எல்லோர் முன்னாலும் அழித்திருக்கிறார்.

அவரைப் பிடித்து உள்ளே வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வயசானவர், ஒரே வீட்டில் இருக்கிறோம். கூப்பிட்டுக் கண்டித்தால் போதும். அந்த நாலு துண்டும் உங்கள் மேஜையில் பிளாஸ்டிக் கவரில் கிடப்பதைப் பார்த்தேன். செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள், மஞ்சளாகிவிடும். ஒரு பிடி பச்சரிசி போட்டு வையுங்கள்.

தங்கை எழுதின மற்ற கார்டுகளைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணா கேட்டதாகச் சொன்னீர்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் பார்த்தாயிற்று. படுத்த படுக்கையில், கை நடுங்க நடுங்க அவள் எழுதினவை அவை. சீதாலக்ஷ்மிக்கென்று யாராவது ஒருத்தர் பொறுப்பாக இருக்க வேண்டாமா, மேடம். இதுவரை இருந்தது நான் ஒருத்திதான்.